சம்பளத்துக்கு ஜப்தி வந்தால் உத்தியோகம் என்ன ஆகும்?

ஐம்பது வருஷத்துக்கு முன் பெங்களூர்த் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது ஓய்வில் இருக்கும் நம்மவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சம்பள தினத்தன்று மாலைச் சங்கு ஊதும் நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் ஈட்டிக்காரனைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். தொளதொளவென்ற கால்சட்டை, தலைப்பாகை, கையில் ஆளுயரத் தடி. யார் எந்த வாசலால் வருவார், யாருக்கு என்ன பெயர், எந்தப் பிரிவு என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் கண்ணில் படாமல் இருக்க, சைக்கிளை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக நடந்து போனவர்கள் உண்டு. ஒருவர் அடுத்த ஷிப்டு ஆட்களோடு கலந்து, இரவு பத்து மணிக்கு வெளியே வந்தாராம். அவன் அப்போதும் நின்றிருந்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

இன்று வாசலில் அவன் இல்லை. சம்பளம் கவரில் வருவதும் இல்லை. கடன் கொடுத்தவன் இப்போது சட்டைப் பையிலுள்ள கைப்பேசிக்குள் உட்கார்ந்திருக்கிறான். வங்கித் தவணை, கிரெடிட் கார்டு, ஏலச்சீட்டு, அடகுக் கடை, கைமாற்று, பத்து நிமிஷத்தில் பணம் தரும் ஆப் என்று ஒருவருக்கே ஐந்தாறு ஈட்டிக்காரர்கள்.

அந்தக் காலத்தில் பயம் மானத்தைப் பற்றியது. இன்று அதோடு இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. ஜாலஹள்ளியிலும் விமானபுரத்திலும் சி.வி. ராமன் நகரிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். கழுத்தில் தொங்குகிறதே ஒரு அடையாள அட்டை, அதன் நிறத்தைப் பொறுத்துத்தான் எந்தக் கதவு திறக்கும், எந்த அலமாரியின் சாவி கையில் இருக்கும் என்பது. சொந்தக் கடன் அந்த அட்டையின் நிறத்தை மாற்றக் கூடுமா என்பதே கேள்வி. மாற்றக் கூடும். ஆனால் பலர் நினைக்கிற விதத்தில் மாற்றுவதில்லை.

வரைபடப் பிரிவிலிருந்து கான்டீன் கணக்குக்கு

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அல்சூரில் வாடகை வீடு. பாதுகாப்புத் துறைக்குச் சாமான் செய்து தரும் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷ சர்வீசில் பன்னிரண்டு வருஷம் வரைபடப் பிரிவில் இருந்தார். ‘இரகசியம்’ என்று முத்திரை குத்திய வரைபடங்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது, மாலையில் எண்ணி வாங்கிப் பூட்டுவது அவர் வேலை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தாள் குறைந்ததில்லை என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்.

அவர் சூதாடியவர் அல்ல, குடித்தவர் அல்ல. பக்கத்து மேஜைக்காரருக்குச் சீட்டில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனியில் ஏலம் எடுத்தவர், மீதித் தவணைகளைக் கட்டுவார் என்பதற்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்கச் சொல்வார்கள். அரசாங்கச் சம்பளக்காரர் என்றால் சீட்டுக் கம்பெனிக்கு வெல்லக்கட்டி. நண்பர் சம்பளச் சீட்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஏலம் எடுத்தவர் எட்டாவது தவணையோடு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

கம்பெனி நோட்டீஸ் அனுப்பியது. நண்பர் அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, மனைவியிடம் எல்.ஐ.சி. கடிதம் என்று சொன்னார். இரண்டாவது நோட்டீசும் புடவைக்கு அடியிலேயே போயிற்று. சீட்டுத் தகராறுகள் 1982-ஆம் வருஷச் சட்டப்படி சிவில் கோர்ட்டுக்குப் போவதில்லை, சீட்டுப் பதிவாளரிடம் போகும். அவர் தரும் தீர்ப்பைக் கோர்ட் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். இவர் ஆஜராகவில்லை. ஒருதலைத் தீர்ப்பானது. ஒருநாள் சம்பளத்தை ஜப்தி செய்யும் உத்தரவு கணக்குப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து பணியாளர் பிரிவுக்கு, அங்கிருந்து பாதுகாப்பு அதிகாரிக்கு. மறுவாரம் சாவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். கான்டீன் கணக்கில் உட்கார வைத்தார்கள்.

“வேலை போகலை, சம்பளம் குறையலை. ஆனா பன்னிரண்டு வருஷம் நான் பூட்டின கதவை இன்னொருத்தன் பூட்டுறதைப் பார்த்துக்கிட்டு கான்டீனுக்கு நடந்து போனேன் அண்ணே” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கடனுக்கும் இரகசியத்துக்கும் என்ன சம்பந்தம்?

கடன்பட்டவன் எல்லாம் திருடன் என்று எந்த அரசாங்கமும் சொல்வதில்லை. சொன்னால் ஆபீசில் மின்விசிறிகள் மட்டுமே மிஞ்சும். பயம் வேறு. நெருக்கடியில் இருப்பவனை யார் தேடி வருவார்கள் என்பதுதான் பயம்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணங்கள் உண்டு. அமெரிக்கக் கடற்படையில் ஜான் வாக்கர் என்று ஒருவர், சங்கேதச் செய்திப் பிரிவில் வேலை. தென் கரோலினாவில் ஒரு மதுக்கடை வாங்கி நஷ்டப்பட்டுக் கடனில் மூழ்கினார். 1967-இல் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதரகத்துக்குத் தானாகவே நடந்து போய்ச் சங்கேதக் குறிப்புகளை விற்றார். பிடிபட்டது 1985-இல். சுமார் பதினேழு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்டு உளவுத் துறையிலேயே இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், விவாகரத்துச் செலவும் கடனும் கழுத்தை நெரித்ததாகச் சொல்லி, 1985 ஏப்ரலில் ஐம்பதாயிரம் டாலருக்கு முதல் வியாபாரத்தைச் செய்தார். 1994 பிப்ரவரியில் கைதானார். ஒருவர் தேடி வரவில்லை, இவர்களே தேடிப் போனார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

அமெரிக்காவில் இரகசியப் பணிக்கு அனுமதி தரும் விதிகளில் ‘பண நிலைமை’ என்றே தனித் தலைப்பு இருக்கிறது. 2017-இல் திருத்தி வெளியிட்ட விதிகளில், கட்டாத கடன், வருமானத்துக்கு மிஞ்சிய செலவு, வரி பாக்கி எல்லாம் எதிராக எடுத்துக்கொள்ளப்படும். அதே பக்கத்தில், வேலை இழப்பு, நோய், விவாகரத்து போன்று கைமீறிய காரணத்தால் வந்த கடனா, அப்போது பொறுப்போடு நடந்துகொண்டாரா, நேர்மையாகத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டாரா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. தொகை எவ்வளவு என்பதைக் காட்டிலும் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதற்கே அங்கு மதிப்பு.

நம் நாட்டில் 1985 ஜனவரியில் டில்லியைக் குலுக்கிய கூமர் நாராயண் வழக்கு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிரதமர் செயலகம் உள்பட முக்கிய அலுவலகங்களில் இருந்த அந்தரங்கச் செயலாளர்களும் கீழ்நிலைச் சிப்பந்திகளும் காகிதங்களைப் பிரதியெடுக்கக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த அமளியில் பிரதமரின் முதன்மைச் செயலர் பி.சி. அலெக்சாண்டர் ராஜினாமா செய்ய நேர்ந்தது. 2002-இல் டில்லிக் கோர்ட் பலருக்குத் தண்டனை விதித்தது. அவர்கள் எல்லாரும் கடன்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அரசாங்கத்தின் மிகப் பெரிய இரகசியங்கள் மந்திரி கையைவிட டைப்பிஸ்டு, குமாஸ்தா கைகளில்தான் அதிக நேரம் இருக்கின்றன என்பதை அந்த வழக்கு எல்லாருக்கும் காட்டியது. நம் வாசகர்களில் பலர் அந்த மேஜைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் வருஷ நடத்தை விதிகள். அதில் 17-ஆவது விதி கடனைப் பற்றியது. ரயில்வேக்காரர்களுக்கு 1966-ஆம் வருஷ விதிகளில் இதே எண்ணில் இதே விதி. பொதுத்துறை நிறுவனங்களின் அதிகாரிகளுக்கும் தனி நடத்தை விதிகள் உண்டு, சாரம் ஏறக்குறைய இதேதான். தொழிலாளர் பிரிவில் இருப்பவர்களுக்கு நிலையாணைகள். அதன் பிரதியை நேரகாலம் இருக்கும்போது ஒருமுறை வாங்கிப் படித்துவிடுவது நல்லது. சங்க ஆபீசில் கிடைக்கும்.

17-ஆவது விதியில் இரண்டு சங்கதிகள். ஒன்று, ஊழியர் தம் சொந்த விவகாரங்களை வழக்கமான கடனாளி ஆகாத விதத்தில், மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலைக்கு வராத விதத்தில் நடத்திக்கொள்ள வேண்டும். இங்கே ‘வழக்கமான’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். வீட்டுக் கடன் வாங்கி மாதா மாதம் கட்டுகிறவரையோ, மகள் கல்யாணத்துக்குச் சேமநல நிதியில் முன்பணம் எடுத்தவரையோ இந்த விதி தொடாது. சொசைட்டிக் கடனுக்குச் சம்பளத்தில் பிடிப்பதும் ஜப்தி அல்ல. அது நாமே எழுதிக் கொடுத்த சம்மதம்.

இரண்டாவது சங்கதியில்தான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கடனை வசூலிக்கவோ, திவாலானவர் என்று அறிவிக்கவோ ஊழியர் மீது சட்ட நடவடிக்கை தொடங்கினால், முழு விவரத்தையும் உடனே அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு என்றோ, ஜப்தி வந்த பிறகு என்றோ விதி சொல்லவில்லை. நடவடிக்கை தொடங்கியதுமே சொல்ல வேண்டும். கடன்படுவது குற்றமாகாத இடத்திலும், இதைச் சொல்லாமல் விடுவது குற்றமாகிவிடும்.

அதோடு ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். கடன் எதிர்பார்க்க முடியாத காரணத்தால் வந்தது, ஊதாரித்தனத்தாலோ கெட்ட பழக்கத்தாலோ வரவில்லை என்று நிரூபிக்கும் பாரம் ஊழியருடையது. ஆஸ்பத்திரி பில், ஜாமீன் பத்திரம், வங்கிப் பாஸ்புத்தகம் இவற்றைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். மனைவியின் ஆபரேஷனுக்கு வட்டிக்கு வாங்கினேன் என்று வாயால் சொன்னால் நம்புகிற அதிகாரியும் கோப்பில் எழுத ஒரு காகிதம் கேட்பார்.

பழைய காலத்து விதிகள் இன்னும் கடுமையாக இருந்தன. சம்பளத்தில் பாதி இரண்டு வருஷத்துக்கு மேல் ஜப்தியில் இருந்தால் வேலை நீக்கம் வரைக்கும் போகலாம் என்றிருந்தது. நம் தாத்தாக்கள் ஜப்தி என்ற வார்த்தைக்கே நடுங்கியது சும்மா இல்லை.

“வட்டி வேண்டாம் சார்”

நம் நண்பரின் கதையில் ஒரு பகுதியைச் சொல்லாமல் வைத்திருந்தேன். முதல் நோட்டீஸ் வந்த சமயம், எப்படியாவது அடைத்துவிடலாம் என்று நாற்பதாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கினார். யாரிடம்? தொழிற்சாலைக்கு மரப்பெட்டி சப்ளை செய்யும் காண்டிராக்டரிடம். தினமும் டீக்கடையில் பார்க்கிற பழக்கம். நம்ம பக்கத்து ஆள் வேறு. “வட்டியெல்லாம் வேண்டாம் சார், முடிஞ்சப்போ கொடுங்க” என்று கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து அந்தக் காண்டிராக்டர் ஒன்று கேட்டார். நீங்கள் நினைக்கிற மாதிரி வரைபடத்தைக் கேட்கவில்லை. தம்முடைய பில் யாருடைய மேஜையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். இவரும் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

“அவ்வளவுதானே” என்று நானும் கேட்டேன். “அவ்வளவுதான் அண்ணே. ஆனா அன்னிக்கி ராத்திரி தூக்கம் வரலை. அடுத்த தடவை அவர் வேற எதையாவது கேட்டா, நான் எந்த வாயால மாட்டேன்னு சொல்றது?” என்றார்.

16-ஆவது விதி இந்த இடத்தைத்தான் காவல் காக்கிறது. வங்கியிலோ பொது லிமிடெட் கம்பெனியிலோ வழக்கமான முறையில் கடன் வாங்கலாம். உறவினரிடமோ சொந்த நண்பரிடமோ வட்டியில்லாத சிறு தொகை கைமாற்று வாங்கலாம். மளிகைக் கடையில் பற்று வைக்கலாம். ஆனால் தம் அதிகார எல்லைக்குள் வருகிறவரிடமோ, உத்தியோக சம்பந்தமான கொடுக்கல் வாங்கல் இருக்கக் கூடியவரிடமோ கடன்படக் கூடாது. நண்பர் நினைத்தது, வட்டியில்லாக் கடன்தானே, பாவமில்லை என்று. வட்டி வாங்கும் ஈட்டிக்காரனுக்கு வட்டியோடு கணக்கு முடிந்துவிடும். வட்டி வேண்டாம் என்று சொன்ன காண்டிராக்டருக்கு எதைக் கொண்டு தீர்ப்பது?

பாதுகாப்பு அதிகாரி விசாரித்தபோது நண்பர் இதையும் தானே சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை. சொன்னது புத்திசாலித்தனமா என்று அப்போது சங்கத்துக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். முடிவில் ஜாமீன் கடனுக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். ஜாமீன் பத்திரமும் சீட்டுக் கம்பெனிக் கணக்கும் அவருக்குச் சாட்சி சொன்னது. காண்டிராக்டர் கைமாற்றுக்கு மட்டும் குற்றப்பத்திரம் கொடுத்து ஒரு இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். பதவி உயர்வும் ஒரு சுற்றுத் தள்ளிப் போயிற்று.

ஜப்தியில் எவ்வளவு போகும்?

சம்பளம் முழுவதும் போய்விடும் என்று பயந்து ராஜினாமாக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜீவனாம்சம் அல்லாத சாதாரணக் கடன் தீர்ப்பு என்றால், சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. கணக்கில் வருகிற சம்பளம் 31,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் போக முப்பதாயிரம். அதில் இருபதாயிரம் பாதுகாப்பு. ஆக, மாதம் பத்தாயிரத்துக்கு மேல் பிடிக்க முடியாது. அரசாங்கம் விலக்கு அளித்து அறிவித்த படிகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதுவும் காலாகாலத்துக்கு இல்லை. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் ஜப்தியில் இருந்துவிட்டால், அந்தத் தீர்ப்புக்கு மறுபடியும் சம்பளத்தைத் தொட முடியாது. வேறு தீர்ப்பு என்றால் 24 மாதத்துக்குப் பின் 12 மாதம் இடைவெளி. தினக்கூலித் தொழிலாளியின் கூலியையும் வீட்டு வேலைக்காரரின் கூலியையும் ஜப்தி செய்யவே முடியாது. சேமநல நிதி, கிராஜுட்டி, அரசாங்கப் பென்ஷன் ஆகியவையும் தனியார் கடன்காரனின் கைக்கு எட்டாதவை. “உன் பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்வேன்” என்று மிரட்டுகிறவனிடம் எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

ஜாமீன்தாரர் விஷயத்தில் சட்டம் இரக்கம் காட்டுவதில்லை. 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவுப்படி கடனாளிக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவனைப் பிடி, பிறகு என்னிடம் வா என்று சொல்ல வழியில்லை. நிரந்தர விலாசமும் மாதச் சம்பளமும் உள்ளவர் யாரோ அவரிடம்தான் முதலில் வருவார்கள்.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை

கடன் சிவில் விவகாரம். வேலைக்குச் சேரும்போது நிரப்பும் சான்றளிப்புப் படிவத்தில் “உமக்குக் கடன் உண்டா” என்று கேட்பதில்லை. கைதானதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, தண்டனை உண்டா என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே கடன் வேறு, நடத்தைச் சரிபார்ப்பு வேறு என்று நிம்மதியாக இருக்கலாம், ஒரு இடம் தவிர.

தனியாரிடம் பணம் வாங்கும்போது, எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம் அல்லவா? அது வங்கியிலிருந்து பணமில்லை என்று திரும்பினால் சமாசாரம் கிரிமினல் பக்கம் போய்விடுகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவு. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கே எழாது. வழக்கு வந்த பிறகும் சமாதானமாகப் போகச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது சான்றளிப்புப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினால் அது தனிக் குற்றம். உண்மையை மறைத்தவர்களைப் பற்றி 2016-இல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விரிவாகச் சொல்லியிருக்கிறது. சிறிய விஷயமா, பெரிய விஷயமா, எந்த மாதிரிப் பதவி என்றெல்லாம் எடைபோட வேண்டும். ஆனாலும் படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை.

வேலை தேடும் பிள்ளைகள் கவனத்துக்கு

வங்கி வேலைக்குப் படிக்கும் பையன்கள் பெண்கள் உள்ள வீடுகளில் இதைச் சத்தமாகப் படியுங்கள். இரகசியப் பணி அல்லாத இடத்திலும் கடன் சரித்திரம் இப்போது எட்டிப் பார்க்கிறது. பாரத ஸ்டேட் வங்கியில் தேர்வாகி நியமன உத்தரவும் பெற்ற ஒருவரின் நியமனம், பழைய கடன் தவணைகளைத் தவறவிட்டவர் என்று அறிக்கையில் தெரிந்ததால் ரத்தானது. விளம்பரம் வரும் முன்பே எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். 2025-இல் சென்னை ஹைகோர்ட் வங்கியின் முடிவே சரி என்றது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிறவருக்குப் பண ஒழுங்கு வேண்டும், விளம்பரத்திலேயே அந்த ஷரத்து இருந்தது என்பது காரணம். கட்டி முடித்தவருக்கே இந்த நிலை என்பது எனக்குச் சற்றுக் கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் தீர்ப்பு தீர்ப்புத்தான்.

கல்லூரியில் படிக்கும்போது தோழனுக்காகத் தன் பெயரில் கைப்பேசி தவணையில் வாங்கிக் கொடுப்பது, ஆப்பில் இரண்டாயிரம் வாங்கி மறந்துபோவது எல்லாம் சிபில் போன்ற நிறுவனங்களின் பதிவில் ஏறிவிடுகின்றன. இப்படிப்பட்ட நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். நாம் வாங்காத கடன் நம் பெயரில் இருப்பதும் உண்டு. புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. இன்னொன்று: பாதித் தொகைக்குச் சமரசம் பேசி முடித்தால் அறிக்கையில் ‘சமரசம்’ என்றே எழுதுவார்கள், ‘முடிந்தது’ என்று எழுத மாட்டார்கள். முடிந்தால் முழுத் தொகையையும் கட்டி, பாக்கியில்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபீசுக்கு ஆள் வந்தால்

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்பது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி இட்டிருக்கும் கட்டளை. கர்நாடகத்தில் அதிக வட்டி வசூலிப்பதற்கு எதிராக 2004-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. சிறு கடன் வசூலில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்க 2025-இல் தனி அவசரச் சட்டமே கொண்டு வந்தார்கள். ஆகவே போலீசில் புகார் கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம். ஆபீசில் தெரிந்துவிடுமே என்று பயந்துதான் பலர் மிரட்டலுக்குப் பணிகிறார்கள். ஆபீசில் நாமே முதலில் சொல்லிவிட்டால் மிரட்டுகிறவன் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

எழுத்தில் சொல்லுங்கள். யாரிடம் எவ்வளவு, எதற்காக, மாதம் எவ்வளவு கட்டுகிறேன், எப்போது முடியும், கோர்ட் நோட்டீஸ் எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு பக்கம் போதும். கொடுத்ததற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். மேலதிகாரி கன்னடக்காரரோ இந்திக்காரரோ, தெரியாத பாஷையில் எப்படிச் சொல்வது என்று தயங்கியே காலம் கடத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சங்கத்தில் எழுதிக் கொடுப்பார்கள். சக ஊழியரும் எழுதிக் கொடுப்பார், ஜாமீன் கையெழுத்தைத்தான் அவரிடம் கேட்கக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பரை அல்சூர் ஏரிக்கரையில் பார்த்தேன். இப்போது ஸ்டோர்ஸ் கணக்கில் இருக்கிறார். வரைபடப் பிரிவுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. இவரும் கேட்கவில்லை. காண்டிராக்டரின் நாற்பதாயிரத்தை, மனைவியின் வளையலை வங்கியில் வைத்து, அந்த மாதமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வளையலும் மீண்டு வந்துவிட்டது. ஜப்திப் பிடித்தம் மட்டும் பாக்கி. வீட்டுக் காலண்டரில் மாதா மாதம் ஒரு கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்து வருகிறார். இன்னும் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. இப்போதெல்லாம் அதை அடிப்பது அவர் மனைவி.